2 டெராபைட் என்று தந்தார்கள், உள்ளே இருந்தது ஒரு மெமரி காட்

யாழ்ப்பாணத்தில் எக்ஸ்டேனல் எஸ்எஸ்டி (யூஎஸ்பியில் வெளியே செருகிப் பாவிக்கிற, மெமரி சிப்பில் பதிகிற டிரைவ்) வாங்க நினைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். 11,500 ரூபாய் காசோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்தக் காசோடு சேர்ந்து போனது எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் திருவிழாவின் பதிவு.

பத்து நாள் திருவிழா. ஊரில் இருப்பவர்களைவிட வெளியில் இருப்பவர்கள்தான் இப்போது கூட. ஸ்காபரோவில் இருக்கும் பெரிய மாமாவும் பாரிஸில் இருக்கும் பெரியம்மாவும் ஒவ்வொரு வருடமும் உபயத்துக்குக் காசு அனுப்புவார்கள், ஆனால் வந்து பார்த்துப் பதினைந்து வருடத்துக்கு மேல். இந்த முறை கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரை ஒழுங்காகப் பதிவோம் என்று நானும் சித்தியின் மகனும் முடிவெடுத்தோம். கமரா அவனுடையது. 4கே தரத்தில், செக்கனுக்கு 100 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும். என் லப்டொப்பில் மிச்சம் இருந்தது 60 ஜிபி. ஆகவே வெளியில் ஒரு டிரைவ் தேவை.

யாழ் நகரத்தில், பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள ஒரு கடை. பெயர் எழுதவில்லை. பெயர்பெற்ற கம்பனியின் 1 டெராபைட் டிரைவுக்கு அங்கே முப்பதாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். நான் யோசித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, கடைக்காரர் கண்ணாடி மேசைக்குக் கீழேயிருந்து இன்னொன்றை எடுத்து வைத்தார்.

“தம்பி, இதுவும் சொலிட் ஸ்டேட்தான். நிலத்தில விழுந்தாலும் ஒண்டும் ஆகாது. 2 டெராபைட், 11,500க்குத் தாறன். உந்தக் கம்பனிச் சாமானுக்கு நீங்கள் பெயருக்கெல்லோ காசு குடுக்கிறியள்.”

கறுப்பு உலோக உறை, கையில் பாரமாக இருந்தது. கடைக் கணினியில் செருகிக் காட்டினார். 2 டெராபைட் என்று திரையில் தெரிந்தது. நான் நம்பியது அந்தத் திரையை. கையால் எழுதிய பில்லில் “எக்ஸ்டேனல் – 1, வொறன்ரி 1 வருடம்” என்று மட்டும் இருந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

கொடியேற்றம் முடிந்த இரவு முதல் கொப்பி. 45 ஜிபி போக முக்கால் மணி நேரத்துக்குக் கிட்ட எடுத்தது. கமராவின் காட்டிலிருந்து நல்ல ரீடரில் செக்கனுக்கு 90 எம்பி வரும். பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டிய வேலை. லப்டொப் பழசு, அதனால்தான் என்று நினைத்தேன். கொப்பி முடிந்ததும் ஒரு வீடியோவைத் திறந்து பார்த்தோம், நன்றாக ஓடியது. அந்த நம்பிக்கையில் கமரா காட்டை போர்மட் பண்ணிவிட்டோம். எங்களிடம் மூன்று காட், மாறி மாறிப் போட்டோம். ஒவ்வொரு இரவும் இதே வேலை: கொப்பி, ஒன்றைத் திறந்து பார்ப்பது, போர்மட்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கொப்பி முடிந்த கையோடு ஒரு பைலைத் திறந்தால், விண்டோஸ் சில வேளை தன் நினைவகத்தில் இன்னும் வைத்திருப்பதையே எடுத்துக் காட்டும். டிரைவில் உண்மையில் எழுதப்பட்டதா என்பது அதில் தெரியாது. டிரைவைக் கழற்றி, மறுபடி செருகி, பிறகு திறந்து பார்க்க வேண்டும். எங்களுக்கு அப்போது அது தெரியாது.

ஏழாம் திருவிழா இரவைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. நான்கு கூட்டு மேளம். சாமி வீதியில் நிற்க, தவில் சமா நள்ளிரவு தாண்டியும் போனது. எங்கள் ஊர் நாதஸ்வர வித்துவான், எழுபத்தாறு வயது, அன்று வாசித்தார். இனி மூச்சுக்கு ஏலாது, இதுதான் கடைசி என்று முன்பே சொல்லியிருந்தார். தோடி ராகத்தை எடுத்து அவர் போன போது பின்னால் கச்சான் விற்றுக்கொண்டிருந்தவர்கள்கூட வந்து நின்று கேட்டார்கள். நான் கமராவுக்குப் பின்னால் அசையாமல் நின்றேன். இணுவில் தெட்சணாமூர்த்தி 1975இல் காலமானவர். அவருடைய தவிலை இன்று என் வயதுக்காரர் கேட்கிறோம் என்றால், யாரோ பதிந்து, யாரோ பத்திரமாக வைத்திருந்ததால்தான். அதை மனதில் வைத்துத்தான் நின்றேன்.

திருவிழா முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகு வெட்டி ஒட்ட உட்கார்ந்தோம். முதல் நாள் ஓடியது. இரண்டாம் நாளில் பாதி ஓடியது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பெயர் இருக்கிறது, திகதி இருக்கிறது, 4 ஜிபி என்று அளவும் இருக்கிறது, திறந்தால் கறுப்பு. சித்தியின் மகன் ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டே போனான். தேர், சப்பறம், வேட்டை எல்லாம் அப்படியே. ஏழாம் நாள் போல்டரை அவன் திறக்கவில்லை, என்னைத் திறக்கச் சொன்னான்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கணினி திருத்தும் நண்பரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் ஓடுகிற பைல்களை வேறிடத்துக்கு எடுத்தார். பிறகு வாலிட்ரைவ் என்ற இலவச மென்பொருளைப் போட்டார். கிப்சன் ரிசேர்ச் நிறுவனம் 2023இல் வெளியிட்டது. டிரைவ் முழுவதும் சம இடைவெளியில் 576 இடங்களில் எழுதி, திரும்ப வாசித்துப் பார்க்கும். எங்கள் டிரைவில் 18 இடங்கள் மட்டும் தேறின. மிச்சம் 558 இடங்களில் எழுதினால் எழுதினது எங்கும் இல்லை. கணக்குப் பார்த்தால் 2 டெராபைட்டில் 64 ஜிபிக்குக் கிட்ட.

உறையை நெம்பித் திறந்தார். உள்ளே ஒரு சிறிய பலகை, அதில் யூஎஸ்பி 2 ரீடர். ரீடரில் செருகி, சூட்டுப் பசை ஊற்றி ஒட்டிய ஒரு மைக்ரோ எஸ்டி காட், போனில் போடுகிற அதே காட். பக்கத்தில் ஒரு இரும்புத் தகடு. அது எதற்கும் இணைக்கப்படவில்லை. கையில் எடுத்தால் பாரமாக இருப்பதற்காக மட்டும் வைத்தது.

இந்த ஏமாற்று எப்படி வேலை செய்கிறது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாது. டிரைவைக் கட்டுப்படுத்தும் சிப்பில் உள்ள நிரலை மாற்றி, “நான் 2 டெராபைட்” என்று கணினியிடம் பொய் சொல்ல வைக்கிறார்கள். கணினி அதை அப்படியே நம்பும். பைல்களின் பெயரும் அளவும் அடங்கிய அட்டவணை டிரைவின் தொடக்கத்தில், உண்மையான இடத்தில், பத்திரமாக இருக்கும். அதனால் பட்டியல் சரியாகத் தெரியும். 64 ஜிபி நிறைந்த பிறகு வருகிற எதையும் டிரைவ் “எழுதிவிட்டேன்” என்று சொல்லிவிட்டு வீசிவிடும். சில டிரைவ்கள் இன்னும் மோசம்: முன்னால் எழுதியதன் மேலேயே திரும்ப எழுதிக்கொண்டு போகும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

டிரைவோடு கடைக்குப் போனேன். “நாங்கள் கொழும்பில எடுத்து விக்கிறம், உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் உடைச்சுப்போட்டுக் கொண்டுவந்தால் வொறன்ரி இல்லை” என்றார். பிறகு பில்லை வாங்கிப் பார்த்தார். “இதில எங்க தம்பி 2 டெராபைட் எண்டு கிடக்கு?”

கிடக்கவில்லைதான். அவர் கையால் எழுதிய பில். அவருக்கு அது வாங்கும்போதே தெரிந்திருக்கும் என்பதை நினைக்கத்தான் இன்றும் ஆத்திரம் வருகிறது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டு, எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கடைக்காரரோடு கதைத்துக் கதைத்து அந்தக் காலத்தைக் கடத்திவிடாதீர்கள். அதே சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தருவது கடைக்காரரின் கடமை. அதில் கம்பனிப் பெயர், மொடல், எத்தனை டெராபைட், சீரியல் இலக்கம் நான்கையும் உங்கள் கண்முன்னால் எழுதுவித்து வாங்குங்கள். எழுதப் பஞ்சிப்படுகிற கடையில் வாங்க வேண்டாம்.

இனி, வாங்கப் போகிறவர்களுக்கு. விலைதான் முதல் அடையாளம். நல்ல கம்பனியின் 1 டெராபைட் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு 2 டெராபைட் யாராலும் தர முடியாது. உள்ளே இருக்கும் நினைவகச் சிப்புக்கே அந்தக் காசு காணாது. இணையத்தில் 16 டெராபைட், 30 டெராபைட் என்று கையடக்க எஸ்எஸ்டி விற்கிறார்கள். சாம்சங் போன்ற கம்பனியே 2023இல் டி5 ஈவோவை 8 டெராபைட் வரைதான் விட்டது. அதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த விளம்பரங்களைப் பாருங்கள். மற்றப் பக்கம், நல்ல 2 டெராபைட் டிரைவ் விண்டோஸில் 1.81 என்று காட்டினால் பயப்படாதீர்கள். கம்பனி ஆயிரத்தாலும் விண்டோஸ் 1024 ஆலும் கணக்குப் பார்ப்பதால் வருகிற வித்தியாசம் அது.

வேகத்தில் அதிகம் மயங்க வேண்டாம். பெட்டியில் செக்கனுக்கு 1050 எம்பி என்று போட்டிருந்தால் அது 10 கிகாபிட் யூஎஸ்பி உள்ள கணினியில்தான் வரும். 5 கிகாபிட் துவாரத்தில் 400 சொச்சம் வந்தாலே நல்லது. 2000 எம்பி டிரைவுக்குக் கூடக் காசு கொடுப்பது பெரும்பாலான லப்டொப்புகளுக்கு வீண், அந்த 20 கிகாபிட் துவாரம் அவற்றில் இல்லை. கேபிளையும் பாருங்கள்: போன் சார்ஜர் கேபிள்கள் பல யூஎஸ்பி 2 தான், எவ்வளவு நல்ல டிரைவையும் 40 எம்பிக்கு இறக்கிவிடும். பெட்டியோடு வந்த கேபிளையே பாவியுங்கள். கலியாண வீடு, திருவிழா என்று நீண்ட வீடியோ எடுப்பவர்கள் உள்ளே இருக்கும் நினைவகச் சிப் டிஎல்சி (ஒரு கலத்தில் மூன்று பிட்) வகையா கியூஎல்சி (நான்கு பிட்) வகையா என்று கேட்டு டிஎல்சியை எடுங்கள். கியூஎல்சி தொடக்கத்தில் ஓடிவிட்டு, நூற்றுக்கணக்கான ஜிபி தொடர்ந்து போனால் நன்றாகத் தளர்ந்துவிடும்.

வாங்கி வீட்டுக்கு வந்த அன்றே, ஒன்றும் போடாமல், முழு டிரைவையும் எச்2டெஸ்ட்டபிள்யூ (h2testw) என்ற விண்டோஸ் மென்பொருள் கொண்டு சோதியுங்கள். லினக்ஸ், மக் பாவிப்பவர்களுக்கு எஃப்3 (F3). இரண்டும் இலவசம், டிரைவை நிரப்பித் திரும்ப வாசித்துப் பார்ப்பவை. உண்மையான 1 டெராபைட் என்றால் ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம் ஆகும். எழுதும் வேகம் 20, 30 எம்பியிலேயே நின்றால் சோதனை முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை, பெட்டியோடு திருப்பிக் கொண்டுபோங்கள். உறையை உடைக்காதீர்கள். நான் உடைத்ததைத்தான் கடைக்காரர் பிடித்துக்கொண்டார்.

நல்ல எஸ்எஸ்டியே வாங்கினாலும் பல வருடம் அலுமாரியில் வைக்கிற பதிவுக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அதிலுள்ள மின்னேற்றம் மெல்ல மெல்லக் கசியும், எங்கள் ஊர் வெக்கையில் இன்னும் கெதியாக. நாங்கள் இப்போது சாதாரண ஹார்ட் டிஸ்க் ஒன்றும் வாங்கி அதிலும் ஒரு கொப்பி வைக்கிறோம். இரண்டு இடத்திலும் திறந்து பார்க்கும்வரை கமரா காட்டில் கை வைப்பதில்லை.

எங்கள் பதிவில் கொஞ்சம் மீண்டது. திருவிழா முடிந்த பிறகு அந்த மூன்று காட்டும் பாவிக்கப்படவில்லை. நண்பர் ஃபோட்டோரெக் என்ற மென்பொருளால் அவற்றைத் துருவி, எட்டாம், ஒன்பதாம், பத்தாம் நாள் பதிவுகளைப் பெரும்பாலும் எடுத்துத் தந்தார். ஏழாம் நாள் காட்டின் மேல்தான் தீர்த்தம் எழுதப்பட்டிருந்தது. தீர்த்தப் பதிவு கொஞ்சம் சிறிதாக இருந்ததால், அது எட்டாத கடைசி மூலையில் ஏழாம் இரவின் இரண்டு துண்டுகள் மிஞ்சியிருந்தன. சேர்த்துப் பதினொரு நிமிடம். தவில் தனி முடிந்து சனம் கைதட்டுகிற இடத்தில் தொடங்குகிறது. தோடி அதில் இல்லை.

அன்றிரவு வீதியில் நின்ற எங்கள் ஊர்ச் சனம் பலர் போனைத் தூக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். உங்களில் யாரிடமாவது அந்தத் தோடி, இரண்டு நிமிடமென்றாலும், ஆடி அசைந்து எடுத்ததென்றாலும், இருந்தால் அழித்துவிடாதீர்கள். வட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறைந்துவிடும். சொல்லுங்கள், ஹார்ட் டிஸ்க்கோடு நானே வீட்டுக்கு வருகிறேன்.