பெரியவர்களின் ஆங்கில இலக்கணத்துக்கு எந்தச் செயலி?

"ஐந்து வருடமாக இந்தக் கடையில் வேலை செய்கிறேன்" என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னபோது, என் மாலை வகுப்புக்கு வரும் ஜவுளிக்கடை ஊழியர் ஒருவர் 'ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதினார். வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் படிப்பவர், இவர் வேலையை விட்டுவிட்டார் என்றே எடுத்துக்கொள்வார். தமிழில் 'வருடமாக' என்பதிலுள்ள 'ஆக'வும் நிகழ்கால வினையும் சேர்ந்து உணர்த்திவிடும் பொருளுக்கு, 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' என்று ஆங்கிலம் தனியொரு வினைவடிவம் வைத்திருக்கிறது. எந்தக் கருவி எதற்கு உதவும் என்பதை இந்த ஒரு வாக்கியத்தைக் கொண்டே பார்த்துவிடலாம்.

2012இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த மொழிப்பயிற்சிச் செயலியான டுவோலிங்கோவின் பலம், கலைந்து கிடக்கும் சொற்களைத் தொட்டு வரிசைப்படுத்தும் பயிற்சி. வினையைக் கடைசியில் வைத்தே பழகிய நமக்கு அது மிகவும் தேவை; வீடு திரும்பும் பேருந்தில் பத்து நிமிடம் போதும். ஆனால் அத்தகைய பயிற்சியில் 'ஹேவ் பீன்' கண்ணெதிரே தயாராக இருக்கும் என்பதால், அதைத் தானே தேடி எடுக்க வேண்டிய கட்டாயம் கற்பவருக்கு வருவதில்லை.

கிராமர்லி அவரவர் எழுதியதையே திருத்துகிறது. தமிழில் 'தி' போன்ற சுட்டிடைச்சொல் இல்லாததால் நாம் விட்டுவிடும் இடங்களை அது கோடிட்டுக் காட்டும். ஒரே தட்டலில் பிழை மறைந்துவிடுவதால், மறுநாள் கடிதத்தில் அதே பிழை திரும்பவும் வருவதைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன். மேற்சொன்ன வாக்கியத்திலோ கோடிடவே ஒன்றுமில்லை. எழுதியவர் மனத்தில் இருந்தது அதற்குத் தெரியாது.

சாட்ஜிபிடி இங்கேதான் வேறுபடுகிறது. தமிழ் வாக்கியத்தையும் ஆங்கில முயற்சியையும் சேர்த்துக் கொடுத்து, "இரண்டும் ஒரே பொருளைத் தருகின்றனவா?" என்று கேட்டால், வேலையை விட்டுவிட்டதாகப் பொருள்படுவதை அது பெரும்பாலும் சுட்டிவிடும். இலக்கண விளக்கம் கேட்கும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும். தவறான காரணத்தையும் அதே உறுதியோடு சொல்லிவிடுகிறது. ஆகவே, விளக்கத்துக்குப் பதிலாக ஒத்த வாக்கியங்கள் நான்கைக் கேட்டு வாங்கும்படி வகுப்பில் சொல்லிவருகிறேன்.

இவற்றையெல்லாம் விட நான் அதிகம் நம்புவது வாட்ஸ்அப் குரல்பதிவை. நாற்பது வயதில் பிறர் முன்னிலையில் தவறாகப் பேசக் கூசுபவர், தனிச்செய்தியில் அரை நிமிடம் தயக்கமின்றிப் பேசுகிறார். பேசியவரை அறிந்தவன் என்பதால், அவர் சொல்ல வந்தது எனக்குப் புரிகிறது. இருபது பேருக்குப் பதில் சொல்ல ஒரு மாலைப்பொழுதே ஆகிவிடும் என்பது உண்மைதான். அதனால் சொல்வரிசைப் பயிற்சியைச் செயலியிடமும், எழுதிய வரிகளைப் பொருளோடு ஒப்பிடும் வேலையைச் சாட்ஜிபிடியிடமும் விட்டுவிட்டு, குரல்பதிவுகளை மட்டும் நானே கேட்கிறேன். ஜவுளிக்கடை ஊழியர் நேற்று அனுப்பிய பதிவில், 'ஐ ஹேவ்' என்று தொடங்கிச் சற்றே நிறுத்தி, 'பீன் வொர்க்கிங்' என்று தானாகவே முடித்திருந்தார்.