ஸ்னெல் ரவுண்ட்ஹேண்டா, ஸாப்ஃபினோவா?

1960களின் நடுவில் ஒளி அச்சுக்கோப்புக்காக (ஒளிப்பட முறையில் எழுத்துகளைக் கோப்பது) மேத்யூ கார்ட்டர் வடிவமைத்த ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் என்ற ஆங்கில எழுத்துரு, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் புகழ்பெற்ற ஆங்கிலேய எழுத்தாசான் சார்லஸ் ஸ்னெல்லின் கையெழுத்தைத் தழுவியது. எழுத்துகள் ஒன்றோடொன்று பிசிறின்றி இணைந்து ஒரே சாய்வில் ஓடுவதால், அழைப்பிதழிலும் சான்றிதழிலும் சில வரிகளைக்கூட அது நிதானமாகத் தாங்குகிறது.

ஜெர்மானிய எழுத்துரு வடிவமைப்பாளர் ஹெர்மன் ஸாப்ஃப் 1998-இல் லைனோடைப் என்ற எழுத்துரு நிறுவனத்தின் வழியே வெளியிட்ட ஸாப்ஃபினோ வேறு இயல்புடையது. அவரே 1944-இல் வரைந்த எழுத்துப் பயிற்சித் தாளொன்றிலிருந்து பிறந்த அதில், ஒரே எழுத்துக்குப் பல மாற்று வடிவங்கள் உண்டு என்பதால், உண்மையான கையெழுத்தின் துடிப்பு அதில் அழகாக வெளிப்படுகிறது. ஆனால் மேலும் கீழும் நெடுக நீளும் அதன் கோடுகளுக்கு வரி இடைவெளியைத் தாராளமாகக் கூட்ட வேண்டும். சிறிய அளவில் அவை மெலிந்து மறைந்துவிடும். ஆகவே ஒற்றைப் பெயருக்கோ நூல் தலைப்புக்கோ ஸாப்ஃபினோவையும், வாசகம் நீளுமிடத்தில் ஸ்னெல்லையும் நான் தேர்ந்தெடுப்பேன். இரண்டிலுமே முழுச் சொல்லையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அமைப்பது கூடவே கூடாது.