ரத்தம் கொடுத்த பிறகு இரும்பு சேர: ஆட்டுச் சுவரொட்டியா, இடைவெளியா, மாத்திரையா?

வீடு செங்கோட்டையில், வேலை கேரளத்துப் புனலூர் காய்கறி மண்டியில் கணக்கு எழுதுவது. தென்காசியில் முகாம் என்றாலும் போவேன், புனலூரில் யாருக்காவது அவசரம் என்றாலும் கை நீட்டுவேன். இரண்டு பக்கமும் தனித்தனி அட்டை. ஒன்றில் உள்ள தேதி மற்றதற்குத் தெரியாது. அப்படியே போன வருடம் ஐந்து தடவை ஆகிவிட்டது. பில்லில் 340-ஐ 430 என்று எழுத ஆரம்பித்தேன். ரயிலில் உட்கார்ந்தால் கால் குடைச்சல் வேறு.

"ஹீமோகுளோபின் 13, பாஸ்தான் அண்ணாச்சி. ஃபெரிட்டின்தான் 11. கையில காசு இருக்கு, பேங்க்ல இல்ல" என்றான் லேப் தம்பி. நம் நாட்டில் ரத்தம் எடுக்கும்முன் ஹீமோகுளோபின் 12.5 இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உடம்பின் இரும்புச் சேமிப்பைச் சொல்வது ஃபெரிட்டின். அதை முகாமில் பார்ப்பதில்லை.

350 மில்லி கொடுத்தால் ஏறக்குறைய 150 மில்லிகிராம் இரும்பு போய்விடும். வீட்டில் சொன்ன வழி சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) முருங்கைக்கீரையும். சுவரொட்டியில் இரும்பு நிறையத்தான். ஆனால் சாதாரணச் சாப்பாட்டிலிருந்து உடம்பு நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் எடுக்கும், அதிலும் ஒன்று அன்றாட இழப்புக்கே சரி. போதாக்குறைக்கு, சோற்றோடு நான் குடிக்கும் கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) அதையும் தடுக்கும்.

அடுத்தது இடைவெளி. இங்கே ஒரு கொடைக்கும் அடுத்த கொடைக்கும் நடுவே ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120. இங்கிலாந்தில் சுமார் 45,000 பேரை வைத்து இடைவெளியைக் குறைத்துப் பார்த்தார்கள். ஆண்களுக்கு 12, 10, 8 வாரம். 2017-இல் முடிவு வந்தது. அடிக்கடி கொடுத்தவர்களுக்குச் சோர்வு, தலைசுற்றல், கால் குடைச்சல் கூடின. யோசிக்கும் திறனில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் சேமிப்பு காலியானவருக்கு 90 நாளும் பத்தாது. 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஃபெரிட்டின் குறைவாக இருந்தவர்கள் இழந்த ஹீமோகுளோபினில் 80 சதவீதத்தைத் திரும்பப் பெற மாத்திரை இல்லாமல் 158 நாள் ஆனது. தினம் 37.5 மில்லிகிராம் இரும்பு எடுத்தவர்களுக்கு 32 நாள். இதைப் படித்ததும் என் ஓட்டு மாத்திரைக்குத்தான். மலம் கறுக்கும், சிலருக்கு மலச்சிக்கல் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் உடம்பு இன்னும் நன்றாக உறிஞ்சுகிறது என்கிறார்கள். தாலசீமியா போல உடம்பில் இரும்பு தேங்கும் சிக்கல் உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது.

சரி, 430 பிரச்சினை இரும்பால்தானா? அடித்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் இரும்பு குறைந்த 79 கொடையாளர்களில் ஒரு பகுதியினருக்கு நரம்பு வழியாக ஒரு கிராம் இரும்பு ஏற்றினார்கள். ஃபெரிட்டின் ஏறியது, யோசிக்கும் சோதனைகளில் முன்னேற்றம் தெரியவில்லை. அதற்காக மூளைக்கும் இரும்புக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆகாது. மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் உருவாகவே இரும்பு வேண்டும். 1996-இல் பால்டிமோரில் ரத்தசோகை இல்லாமல் இரும்பு மட்டும் குறைந்த பள்ளி மாணவிகளுக்கு எட்டு வாரம் மாத்திரை கொடுத்தபோது, வார்த்தைகளை நினைவில் வைக்கும் திறன் கூடியது. முகாம் வரிசையில் நிற்கும் கல்லூரிப் பெண்களைப் பார்த்தால் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. மாதவிலக்கிலும் இரும்பு போகிறது. மாத்திரை முதலில் அவர்களுக்குத்தான் வேண்டும்.

இப்போது இரண்டு அட்டையையும் ஒரே ரப்பர் பேண்டில் போட்டு வைத்திருக்கிறேன். கட்டன் சாயா, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து.