பிளைனேவன் இரும்பு மலைப் பாதை: குழுவாகப் போவோருக்கு

தென்கிழக்கு வேல்ஸில் இரும்பும் நிலக்கரியும் வாழவைத்த மலையூர் பிளைனேவன். அதைச் சுற்றியுள்ள நிலப்பரப்பு முழுவதையும் 2000-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக்கியது. அதனூடே எட்டு வடிவில் போகும் இரும்பு மலைப் பாதை சுமார் 19 கி.மீ. இதை ஒரே நாளில் முடித்துத் தருகிறோம் என்று சொல்லும் குழு நடையில் சேர வேண்டாம். வடக்கு வளையத்தை மட்டும் எடுத்து, நின்று நிதானமாகக் காட்டுகிற நடைக்குத்தான் எங்கள் ஓட்டு.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். 5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி என்பது நேய்ஸ்மித் விதி. அதன்படி 19 கி.மீ.க்கு நடை மட்டுமே ஏறக்குறைய 4 மணி, ஏற்றம் தனி. அதுவும் எங்கும் நிற்காத ஒற்றை ஆளுக்கு. 15 பேர் ஒரு வேலிப்படியைத் தாண்டவே 5 நிமிடம் பிடிக்கும். அவசரத்தில் விளக்கம்தான் முதலில் வெட்டுப்படும். விளக்கம் இல்லாவிட்டால் இங்கே கண்ணில் படுவது புல்லும் மேடும் பள்ளமும் மட்டுமே.

கீப்பர்ஸ் பாண்ட் குளத்தில் தொடங்குவது நல்லது. கார் நிறுத்த இடமுண்டு. கார்ன் தெரிஸ் பட்டறைக்கு நீர் தரவே இந்தக் குளத்தை வெட்டினார்கள். அதற்குப் பக்கத்து மலைச்சரிவில் தெரியும் பள்ளங்கள் மழை அரித்தவை அல்ல. மேலே நீரைத் தேக்கி, ஒரேயடியாகத் திறந்துவிட்டு மேல்மண்ணைக் கழுவி, இரும்புக் கல்லை வெளிக்கொண்டுவந்த தடம் அது. வழிகாட்டி இந்த இடத்தில் வாய் திறக்காவிட்டால் அவரிடம் பெரிதாக எதுவும் எதிர்பார்க்க வேண்டாம்.

நடையின் உயிர் ஹில்லின் குதிரை டிராம் பாதைதான்: இரும்பாலைப் பங்குதாரர் தாமஸ் ஹில் போட்ட, குதிரைகள் வண்டி இழுத்த தண்டவாளப் பாதை. 1789-ல் உற்பத்தி தொடங்கிய இரும்பாலையிலிருந்து மலையைக் குடைந்த 2 கி.மீ.க்கும் நீளமான சுரங்கப்பாதை வழியாக அந்நாளில் வார்ப்பிரும்பு வரும். கார்ன் தெரிஸில் அது தேனிரும்பாகும். அங்கிருந்து பிளோரெஞ்ச் மலையைச் சுற்றி லான்ஃபாய்ஸ்ட் கால்வாய்த் துறைக்கு இறங்கும். பாதையில் இன்னும் சதுரக் கற்கள் பதிந்து கிடக்கின்றன. குனிந்து பார்த்தால் தண்டவாளத்தைப் பிடித்திருந்த ஆணியின் துளை தெரியும். குறுக்குக் கட்டை போட்டால் குதிரையின் கால் தட்டும். அதனால்தான் இருபுறமும் தனித்தனிக் கற்கள். வழி தவறியதைக் கண்டுபிடிக்கவும் இந்தப் பாதையே உதவும்: டிராம் பாதை மெதுவாக, சீராகத்தான் இறங்கும். காலடியில் திடீர் ஏற்றம் வந்தால் ஆட்டுத்தடத்தில் திரும்பிவிட்டீர்கள் என்று அர்த்தம். கடைசியாகக் கல் பார்த்த இடத்துக்குத் திரும்புங்கள்.

கார்ன் தெரிஸில் இரும்பு வேலையில் கழிவாக வெளியேறிய கசடு, ஆளுயரத்தைத் தாண்டிப் பாறையாக உறைந்து நிற்கிறது. அரைமணியாவது கொடுக்க வேண்டிய இடம். உடைந்த கசடின் விளிம்பு கண்ணாடிபோல் கிழிக்கும், ஏறக்கூடாது. துண்டு பொறுக்குவதும் வேண்டாம்.

லான்ஃபாய்ஸ்டுக்கு மேலுள்ள இழுவைச் சரிவில் அந்நாளில் பாரமேற்றிய வண்டி இறங்கும்போது அதன் எடையே சங்கிலி வழியாகக் காலி வண்டியை மேலே இழுக்கும். மனிதக் காலுக்கு அத்தகைய உதவி இல்லை. கால்வாய் வரை இறங்கினால் 561 மீட்டர் பிளோரெஞ்ச் உச்சிக்கு 400 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே நின்றுவிடலாம். ஈர இலை மூடிய கல்லில் அதிகம் வழுக்கும், ஓர் ஆளுக்கும் அடுத்தவருக்கும் இரண்டு மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும்.

நிலக்கரிக் கழிவுமேட்டில் குறுக்குவழி பிடிக்க விடாதீர்கள். மேலே நடப்பவர் உருட்டிவிடும் கல் கீழே வருபவர் மேல் விழும். பழைய சுரங்க வாய், வேலியிட்ட குழி எதையும் நெருங்கக்கூடாது. கடைசியில் வருபவர் வழி தெரிந்தவராக இருக்கட்டும், கேட்டுகளைச் சாத்துவதும் அவர் பொறுப்பு. உச்சி மொட்டையாகப் பரந்தது. மூடுபனி இறங்கினால் அடையாளம் எதுவும் மிஞ்சாது. திசைகாட்டியும் இந்தப் பகுதிக்கான ஆர்ட்னன்ஸ் சர்வே ஓஎல் 13 வரைபடமும் இல்லாத தலைவரோடு ஏற வேண்டாம்.

பிக் பிட் சுரங்க அருங்காட்சியகத்தை அதே நாளில் திணிக்காமல் மறுநாளுக்கு வையுங்கள். 90 மீட்டர் ஆழத்துக்கு இறக்குவார்கள். தீப்பற்றும் வாயு இருக்கக்கூடும் என்பதால் பேட்டரி உள்ள எதையும், கைபேசி, கைக்கடிகாரம், கார் ரிமோட் உட்பட, மேலேயே ஒப்படைக்க வேண்டும். குழுவினருக்கு இதை முந்தைய நாளே சொல்லிவிடுங்கள்.