தனி ஜெபமா, கூட்டு ஜெபமா: விசுவாசத்தோடு கேட்க எது உதவும்?

வடசென்னையில் காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் ஒற்றை அறை வீடுகளில் இருக்கிறவர்களுக்கு இந்தக் குழப்பம் அதிகம். இயேசு இரண்டையுமே போதித்தார்: தனியறை மத்தேயு 6:6-ல், இரண்டு மூன்று பேர் கூடுவது 18:19-20-ல்.

இடம்
தனி: அறை இல்லையா? விடியற்காலை மொட்டை மாடி போதும்.
கூட்டு: ஒரு வீடு, மூன்று பேர். மைக் வேண்டாம்.

நேரம்
தனி: தினமும் 15 நிமிடம். ஒரு சங்கீதம், நன்றி, பாவ அறிக்கை, பிறகு ஒரே ஒரு வேண்டுதல்.
கூட்டு: வாரம் ஒரு மணி நேரம்.

விசுவாசம்
தனி: சந்தேகத்தையும் மறைக்காமல் சொல்லலாம். "என் அவிசுவாசம் நீங்க உதவும்" என்று மகனின் சுகத்துக்காக வந்து கேட்ட தகப்பனை இயேசு தள்ளவில்லை (மாற்கு 9:24).
கூட்டு: நாம் தளரும்போது மற்றவர்கள் தாங்குவார்கள். நடக்க முடியாத திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தையும் இயேசு கண்டார் (மாற்கு 2:5).

எங்கே கெடும்
தனி: தூக்கம் வரும், உட்காராமல் நடந்துகொண்டே ஜெபியுங்கள்.
கூட்டு: ஜெப விண்ணப்பம் என்ற பேரில் அடுத்தவர் குடும்ப விஷயம் தெருவுக்கு வந்துவிடும். இதுதான் பெரிய ஆபத்து. சத்தமாக ஜெபிப்பவருக்கே விசுவாசம் அதிகம் என்ற எண்ணமும் தவறு. சிறையில் இருந்த பேதுருவுக்காக ஊக்கமாக ஜெபித்தவர்களே, அவர் விடுதலையாகி வந்து கதவைத் தட்டியபோது நம்பவில்லை. ஆனாலும் விடுதலை வந்திருந்தது (அப்போஸ்தலர் 12).

குற்ற உணர்வு, வீட்டு ரகசியம், எடுக்க வேண்டிய முடிவு என்றால் தனி ஜெபம். கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, கடன் நெருக்குகிறது என்றால் கூட்டு ஜெபம். நோய்க்கு யாக்கோபு 5:14 சபை மூப்பர்களை அழைக்கச் சொல்கிறது. அழையுங்கள், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் தந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.