50 நாள் ஈஸ்டர் தியானப் புக், வாங்கலாமா?

பாளையங்கோட்டைல ஒரு கிறிஸ்தவ புக் கடைல வாங்குனது, 60 ரூவா, ஈஸ்டர்ல இருந்து பெந்தெகொஸ்தே (பரிசுத்த ஆவி இறங்கின நாள்) வரை நாளுக்கு ஒரு பக்கம். எங்க பக்கம் ஈஸ்டருக்கு முந்தி வருத லெந்து நோன்பு 40 நாளும் கூட்டம் கூட்டமா ஓடுவாவ, ஈஸ்டர் விடியக்கால ஆராதனை முடிஞ்சு கறிக்கொழம்பு வச்சா திங்கக்கிழம எல்லாம் பழையபடி தான். இந்த புக் அங்கதான் கை வைக்குது.

பைபிள்ல யோவான் 21ம் அதிகாரத்துக்கு எழுதியிருக்கது செம. ராத்திரி பூரா வலை போட்டும் ஒண்ணும் கிடைக்காத சீஷங்களுக்கு இயேசு 153 மீனு குடுத்துட்டு, கரையில கரிநெருப்புல மீனும் அப்பமும் வச்சு சாப்பிட வாங்கன்னு கூப்பிடுதாரு, அவர தெரியாதுன்னு மறுதலிச்ச பேதுருகிட்ட பேச்ச எடுக்கதே சாப்பாட்டுக்கு அப்புறம் தான், அத வச்சு வீட்ல நீங்க பேசாம இருக்கது யார்கிட்டன்னு ஒரு கேள்வி, எனக்கு சுருக்குன்னு ஆயிட்டு.

1 கொரிந்தியர் 15 உயிர்த்தெழுதல பத்தி அம்புட்டு பேசிட்டு கடைசில பிரயாசம் விருதா இல்ல, பட்ட பாடு வீண் போவாதுன்னு முடியும்லா, அத பீடி சுத்துத அக்காமாரு வேலையோட சேத்துருக்காவ, நல்லாருக்கு.

கடைசி பத்து நாள் ஒரே ஜவ்வு. எழுத்தும் ரொம்ப பொடிசு, ஆச்சிக்கு நான்தான் வாசிச்சு காட்டணும். பெருசா அச்சடிச்சா இன்னொண்ணு வாங்குவேன்.