சிப்பாய்க்கு எது உதவும்: சுமை நடையா, மல்யுத்தமா, குத்துச்சண்டையா?

வழக்கமான பயிற்சி போக, வாரத்துக்கு மூன்று மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தால் அதை எதற்குக் கொடுப்பது? நாங்கள் குத்துச்சண்டைக்குக் கொடுத்தோம். மற்ற இரண்டையும் குறைத்துச் சொல்ல அல்ல, ஒரே ஒரு காரணத்துக்காக.

முதுகில் பாரத்தோடு நெடுந்தூரம் நடக்கும் சுமை நடை சிப்பாயின் தொழிலோடு ஒட்டியது. அது இல்லாமல் முடியாது. ஆனால் ஏற்கெனவே நடப்பவரை இன்னும் நடக்க வைத்தால் கெண்டைக்கால் எலும்பில் விரிசல், முழங்கால் வலி, இடுப்புப் பிடிப்பு என்றுதான் போய் முடியும்.

மல்யுத்தமும், தரையில் பிடிபோட்டு அடக்கும் ஜியு-ஜிட்சுவும் குத்துச்சண்டைக்கு வலுவான போட்டி. அமெரிக்கத் தரைப்படையின் கைகலப்புப் பயிற்சி 1995இல் ரேஞ்சர் என்ற அதிரடிப் படையின் பட்டாலியன் ஒன்றில் ஜியு-ஜிட்சுவை அடிப்படையாக வைத்துத்தான் உருவானது. தலையில் அடி வாங்காமல் முழு பலத்தோடு மோதலாம், பிடிபட்டவரைக் காயப்படுத்தாமல் அடக்கலாம். தொல்லை என்றால் தோள், விரல் சுளுக்கும் படர்தாமரையும்தான். பாயை தினமும் கிருமிநாசினி போட்டுத் துடைத்தே ஆகவேண்டும்.

குத்துச்சண்டையில் மூன்று நிமிட ரவுண்டு, ஒரு நிமிட ஓய்வு. திடீரென ஓடி, பதுங்கி, மறுபடி ஓடும் வேலைக்கு இந்தத் தாளம் நன்றாகப் பொருந்தும். ஒரு வகுப்பு என்றால் பத்து நிமிடம் ஸ்கிப்பிங், மூன்று ரவுண்டு நிழல் குத்து (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது), நான்கு ரவுண்டு தொங்கும் பை, இரண்டு ரவுண்டு பேட் (பயிற்சியாளர் கையில் பிடிக்கும் மெத்தை). ஒவ்வொரு ரவுண்டிலும் கடைசி 30 விநாடி கை ஓயக்கூடாது. புதியவர்கள் இரண்டாவது ரவுண்டிலேயே சுருண்டுவிடுவது பலம் போதாததால் அல்ல, மூச்சை அடக்கிக்கொண்டு குத்துவதால். ஒவ்வொரு குத்துக்கும் மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். கிளவுஸுக்குள் சுற்றும் கைப்பட்டை நாலரை மீட்டர் இருக்கட்டும். மணிக்கட்டில் மூன்று சுற்று, பிறகு விரலிடுக்கு, முட்டி. சுண்டுவிரல் பக்கத்து முட்டியால் குத்தினால் அதன் கீழுள்ள எலும்பு முறியும். ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள்தான் பையில் பட வேண்டும்.

இதெல்லாம் வேறு வழியிலும் கிடைக்கும். தீர்மானித்தது, அடி விழும் அந்தக் கணம். பழகாதவர் கண்ணை இறுக மூடுவார், முகத்தைத் திருப்புவார், நேர்க்கோட்டில் பின்வாங்குவார். இல்லையென்றால் கண்மண் தெரியாமல் வீசுவார். பழகியவர் கண்ணைத் திறந்தே வைத்திருந்து, தாடையை இறக்கி, பக்கவாட்டில் ஒரு அடி நகர்ந்து, அடுத்து என்ன செய்வது என்று யோசிப்பார். பயமும் களைப்பும் சேர்ந்து வரும்போது யோசிக்கப் பழக்குவதில் இதற்கு இணையாக மற்ற இரண்டையும் சொல்லமாட்டேன். அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி 1905 முதல் குத்துச்சண்டையைக் கற்பிப்பதும் அதனால்தான். பிரிட்டிஷ் பாராசூட் படைத் தேர்வில் தடுக்காமல் 60 விநாடி மாறி மாறிக் குத்தவேண்டிய ‘மில்லிங்’ இருக்கிறது. ஆனால் அது சோதனை. அதை வாராந்திரப் பயிற்சியாக்குவது பெரும் தவறு.

ஏனென்றால் இந்தப் பலனுக்கு விலை மூளையில்தான். மூளை அதிர்ச்சி தூக்கத்தையும் நினைவையும் எதிர்வினை வேகத்தையும் கெடுக்கும். சிப்பாய்க்கு வேண்டியதே அவைதான். தலைக்கவசமான ஹெட்கார்டு கீறலையும் வெட்டையும் தடுக்கும், அதிர்ச்சியைத் தடுக்காது. அதை மாட்டிவிட்டோமே என்று பலமாகக் குத்தவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. முதல் ஆறு வாரம் யாரும் யாரையும் குத்த வேண்டாம். அடுத்த நான்கு வாரம் உடம்பில் மட்டும். பிறகு 16 அவுன்ஸ் கிளவுஸுடன், ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) மட்டும், பாதி பலத்தில். ஜோடிக்குள் எடை வித்தியாசம் ஐந்து கிலோவைத் தாண்டக்கூடாது. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், குழப்பம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைய பயிற்சி நின்றுவிடும். மருத்துவர் பார்த்த பிறகு படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். குண்டுவெடிப்பு அதிர்வில் சிக்கியவருக்குப் பையும் பேடும் போதும்.

இத்தனையையும் கவனித்து, பதவி பார்க்காமல் நடுவில் புகுந்து நிறுத்தும் பயிற்சியாளர் கட்டாயம் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத படைப்பிரிவுக்கு நான் மல்யுத்தத்தைத்தான் பரிந்துரைப்பேன்.